தாளித்த ராகமும் தள்ளிப்போன முதல் அத்தியாயமும்

கேள்வி: சமகாலக் கலையில் ஒன்று, பாதியில் ஊற்றி மூடப்பட்ட அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்று சிபாரிசு செய்யுங்களேன்! (ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: கலை உங்கள் வாசலிலேயே இருக்கிறது. 2017-இல் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளிக்காக கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா சபாவை விட்டு எண்ணூருக்கே வந்துவிட்டார். கபேர் வாசுகி எழுதிய மெட்ராஸ் பேச்சு வரிகள், ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகை, பின்னால் அனல்மின் நிலையம். சபா கேன்டீன் மட்டும்தான் குறை.

தொடர் என்றால் 'ஃபயர்ஃப்ளை'. 2002-இல் எடுத்தது 14 அத்தியாயம். ஃபாக்ஸ் சேனல் நிறுத்துவதற்குள் ஒளிபரப்பியது 11. அதுவும் வரிசை மாற்றி! முதல் அத்தியாயம் வந்தது டிசம்பரில், கடைசியாக. கல்யாணம் முடிந்தபின் நிச்சயதார்த்தம்.

டிவிடி பிய்த்துக்கொண்டு போக, 2005-இல் 'செரினிட்டி' என்று படமே வந்தது. கிடைத்த சரக்கை ஏற்றிப் பிழைக்கும் ஓட்டை விண்கலத்தின் கதை. துறைமுகத்துக்காரர்களுக்குப் புரியவைக்கத் தேவையில்லை.