கடற்கன்னியைப் பார்க்கப் போன பேராசிரியர்

சினிமாவைப் பல்கலைக்கழகத்துக்குள் கையைப் பிடித்து அழைத்துவந்த முன்னோடி, அதைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பார்க்கப் போனவர். பெயர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க். 1863-இல் டான்சிக்கில் பிறந்த ஜெர்மானியர். வில்லியம் ஜேம்ஸ் கூப்பிட்டு, 1892-இல் ஹார்வர்டின் உளவியல் ஆய்வுக்கூடத்தை இவர் கையில் ஒப்படைத்தார்.

ஹார்வர்டு பேராசிரியர் சினிமாக் கொட்டகையில் தென்படுவதா? மெழுகு பொம்மைக் கண்காட்சியில் வாயைப் பிளந்து நிற்பதற்குச் சமம்! ஐம்பது வயதுவரை மனிதர் ஒரு கதைப்படம்கூடப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவருடைய மாணவர் மார்ஸ்டன் அப்போதே சினிமாவுக்குக் கதை எழுதிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார். (இதே மார்ஸ்டன்தான் பிற்பாடு ‘வொண்டர் உமன்’ காமிக்ஸைப் படைத்தவர்.)

பிறகு ஒரு வெளியூர்ப் பயணம். பாஸ்டனிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படாது என்ற தைரியத்தில், ஒரு நண்பரோடு உள்ளே நுழைந்துவிட்டார். படம் ‘நெப்டியூன்ஸ் டாட்டர்’, 1914. கடற்கன்னியாக ஆஸ்திரேலிய நீச்சல் நட்சத்திரம் ஆனெட் கெல்லர்மன். ஹார்வர்டுக்கு இந்த அம்மாள் புதியவரும் அல்ல. அங்கே உடற்பயிற்சி வாத்தியாராக இருந்த டட்லி சார்ஜென்ட் டேப்பை வைத்து அளந்து, இவ்வளவு கச்சிதமான உடல்வாகு வேறெந்தப் பெண்ணுக்கும் இல்லை என்று ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆகவே நம்மவர் போனது துறைசார்ந்த தொடர் ஆய்வு என்றும் வாதாடலாம்.

அதற்கப்புறம் கொட்டகையே கதி. புரூக்ளினில் வைட்டாகிராஃப் ஸ்டூடியோவுக்கே போய்ப் படப்பிடிப்பைப் பார்த்தார். 1915 டிசம்பரில் ‘காஸ்மோபாலிட்டன்’ பத்திரிகையில் குட்டைத் தானே உடைத்தார். 1916-இல் ‘தி ஃபோட்டோப்ளே’ என்று புத்தகமே வந்துவிட்டது. கிண்டலை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கிறேன், சரக்குள்ள புத்தகம். நாடகத்தில் நடிகரின் கை துப்பாக்கியைத் தொடுவதை நம் கண்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சினிமாவில் அந்தக் கை மட்டும் திரையை அடைத்து நிற்கும். மனசு கவனிக்கும் விதத்தை க்ளோசப்பும், நினைத்துப் பார்க்கும் விதத்தை ஃப்ளாஷ்பேக்கும் அப்படியே செய்துகாட்டுகின்றன என்றார். இன்றும் வகுப்பில் இதற்குமேல் பெரிதாக எதையும் சொல்லிவிடுவதில்லை. படம் பேச ஆரம்பித்தால் கெட்டுப்போகும் என்பதும் அவர் கட்சிதான். அதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையே உலகப்போர். இவரோ ஜெர்மனிக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். இந்த ஆளை விரட்டாவிட்டால் உயிலில் எழுதிவைத்த ஒரு கோடி டாலர் கிடையாது என்று ஹார்வர்டை மிரட்டினார் ஒரு பழைய மாணவர். “பாதியை இப்போதே எடுத்து வை, நானே போய்விடுகிறேன்” என்று பேரம் பேசினார் புரொபசர். பணமும் வரவில்லை, இவரும் போகவில்லை.

போனது 1916 டிசம்பர் 16 அன்று. ராட்கிளிஃப் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். வயது 53. புத்தகத்தையும் உலகம் மறந்தது. 1970-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் சினிமாத் துறைகளில் தூசு தட்டிப் படித்தார்கள். அப்படி என்னதான் பார்த்துச் சொக்கிப்போனார் என்று நாமும் பார்க்கலாமென்றால், அந்தக் கடற்கன்னிப் படம் இன்று முழுதாகக் கிடைப்பதில்லை.