இருபது மைலும் ஒரு டப்பாவும்

ஏலே பேராண்டி, சனிக்கிழமை காலையில சிநேகிதன்மாரு மூணு பேரோட நடக்கக் கிளம்புதியாம்ல. உங்கம்மா சொன்னா. தேம்ஸ் தடுப்பணையில ஆரம்பிச்சு ஆத்தங்கரையோட பட்னி வரைக்கும் இருபது மைல். நடுநடுவுல ஜிபிஎஸ் காட்டுத இடத்துலயெல்லாம் எவனோ ஒளிச்சு வச்ச டப்பாவைத் தேடணும். அதுக்கும் நடுவுல அஞ்சு பப். இம்புட்டும் ஒரே நாள்ல. உடம்புக்கு நல்லதுன்னு வேற சொன்னியாம். முக்குக் கடையில பால் வாங்கிட்டு வாடேன்னா கார்ச் சாவியைத் தேடுத பய நீ. திடீர்னு ஞானம் வந்திருக்கு, வரட்டும். நான் தடுக்க வரல. நாலு வார்த்தை சொல்லுதேன், கேட்டா கேளு.

இந்த டப்பா விளையாட்டு எப்படிப் பொறந்துச்சு தெரியுமால? அமெரிக்காக்காரன் வானத்துல செயற்கைக்கோளை விட்டுட்டு, பொதுசனம் கையில இருந்த ஜிபிஎஸ்ல மட்டும் வேணும்னே பிழையைக் கலந்து வச்சிருந்தான். நூறு மீட்டர் அங்கிட்டு இங்கிட்டு காட்டும். கிளின்டன் உத்தரவுல 2000 மே 2-ஆம் தேதி அது நின்னுபோச்சு. மறுநாளே ஆரிகன் மாநிலத்துல டேவ் உல்மர்னு ஒருத்தர் ஒரு வாளியைக் காட்டுல பாதி புதைச்சு வச்சு, அது இருக்க இடத்தை அட்சரேகை தீர்க்கரேகையோட இணையத்துல எழுதிப்புட்டார். கண்டுபிடிக்கவன் உள்ள இருக்கதுல ஒண்ணை எடுத்துக்கிடலாம், பதிலுக்கு ஒண்ணு வச்சிட்டுப் போகணும். உள்ள என்ன இருந்துச்சுங்கே? ஒரு உண்டிவில்லு, ஒரு டப்பா பீன்ஸ், இன்னும் சில்லறைச் சாமான். ராணுவம் கோடி கோடியாக் கொட்டி மேல விட்ட கோளை வச்சு பீன்ஸ் டப்பாவைத் தேடச் சொன்ன அந்த மனுசன் நம்மூர்ல பொறந்திருக்க வேண்டிய ஆளு.

லண்டனுக்குள்ள வாளிக்கு ஏதுல எடம்? இங்க நிறைய இருக்கது நானோங்காங்க. விரல் நுனி அளவுக்கு ஒரு காந்த டப்பா, கம்பி வேலிக்குப் பின்னாலயோ பெஞ்சுக்கு அடியிலயோ ஒட்டிக்கிட்டு இருக்கும். உள்ள பீடி கனத்துக்கு ஒரு தாள்ச் சுருள். அதுல பேரை எழுதிட்டு, சுருட்டி, இருந்த மாதிரியே வச்சிட்டு வரணும். பேனா அதுல இருக்காது, நீதான் கொண்டுபோகணும். அப்புறம், ரெண்டு டப்பாவுக்கு நடுவுல 161 மீட்டராவது தள்ளி இருக்கணும்னு விதி இருக்கு. ஒண்ணு கிடைச்ச வேலியிலயே இன்னொண்ணு இருக்கும்னு கடைசிக் கம்பி வரைக்கும் தடவிக்கிட்டு நிக்காத.

தடவுறதை யாரு பாக்காங்கிறதையும் கவனிச்சுக்கோ. விளையாட்டு தெரியாத சனத்துக்கு நீங்க மகிள்னு பேரு வச்சிருக்கீகளாம், ஹாரி பாட்டர் கதையில இருந்து எடுத்து. அவுக வந்தா ஷூக் கயிறு கட்டுத மாதிரி குனிஞ்சுக்கிடணுமாம். நாலு தடியனுக ஒரே விளக்குக் கம்பத்தடியில வரிசையாக் குனிஞ்சு கயிறு கட்டினா, பாக்கவனுக்குச் சந்தேகம் தீரவா செய்யும்? 2011-ல யார்க்‌ஷயர்ல வெதர்பிங்க ஊர்ல ஒரு காபிக் கடை வாசல்ல ஒருத்தர் இப்படித்தான் ஒரு டப்பாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாராம். பாத்தவுக போலீசைக் கூப்பிட, ராணுவத்துக் குண்டு நிபுணர்கள் வந்து தெருவைக் காலி பண்ணி டப்பாவை வெடிக்கவச்சிட்டாக. உன்னால அப்படி ஒரு பேரு நம்ம குடும்பத்துக்கு வேண்டாம்.

கிரீன்விச்சுல ஒரு வேடிக்கை இருக்கு. மேட்டு மேல இருக்க வானாய்வுக்கூடத்துல எஃகுக் கோடு போட்டிருக்கான். உலகத்துக்கே இதுதான் சுழியம்னு 1884-ல வாஷிங்டன்ல கூடி முடிவெடுத்த கோடு. அந்தக் கோட்டு மேல நின்னு உன் போனைப் பாரு. சுழியம் காட்டாது. கிழக்கே 102 மீட்டர் தள்ளிப் பூங்காவுக்குள்ள போனாத்தான் ஜிபிஎஸ்ஸோட சுழியம். சனமெல்லாம் கோட்டுல ஆளுக்கொரு கால் வச்சுப் படம் எடுக்கும், அசல் சுழியத்துல நாய் ஓடிக்கிட்டு இருக்கும். போன் சொல்லுச்சுன்னு ஒருத்தன் வீட்டு வேலிக்குள்ள தலையை விடுறதுக்கு முன்னால இதை ஒருக்கா நினைச்சுக்கோ. கடைசிப் பத்து மீட்டருக்குக் கண்ணுதான் வழி.

அப்படியே இறங்கினா ஆத்துக்கு அடியில நடைபாதைச் சுரங்கம். 1902-ல துறைமுகத் தொழிலாளிக வேலைக்குப் போகக் கட்டினது, 370 மீட்டர் நீளம். உள்ள செயற்கைக்கோள் எட்டாது, டப்பாவும் கிடையாது, பப்பும் கிடையாது. உன் இருபது மைல்ல நீ நடக்கேன்னு சொல்லிக்கிடுறதுக்கு அந்த 370 மீட்டர்தாம்ல.

இனி பப்புக்கு வாரேன். இந்த ஊரு பைன்ட் 568 மில்லி. அஞ்சு பப்புக்கு 2,840. அம்புட்டையும் சுமந்துக்கிட்டு நடக்கப்போறது உன் ரெண்டு காலு, வழியில கழிப்பறை தேடப்போறதும் நீ. அந்தத் தேடலுக்கு ஜிபிஎஸ் வேண்டாம், தானாத் தெரியும். கவுன்டர்ல வரிசை இருக்காது, ஆனா யாருக்கு அடுத்து யாருங்கிறது அங்க நிக்க எல்லாருக்கும் தெரியும்; நோட்டை ஆட்டிக் கூப்பிட்டேன்னா கடைசியிலதான் கிடைக்கும். ரவுண்டு முறையும் உண்டு. ஆளுக்கொரு தடவை நாலு பேருக்கும் சேத்து வாங்கணும். தன் முறை வரும்போது முட்டி வலிக்குதுன்னு ரயிலேறிப் போனவனை இந்த ஊர்ல பேரன் காலம் வரைக்கும் மறக்க மாட்டாக. அதனால முதல் ரவுண்டை நீ வாங்கிரு. முட்டி எப்ப வேணும்னாலும் வலிக்கலாம் பாரு.

டப்பா முன்னால, பப் பின்னால. இதை மட்டும் மாத்தாத. தெளிஞ்ச கையிலயே அந்த நானோத் தாளைத் திரும்பச் சுருட்டி உள்ள விடுறது பெரும்பாடு. ரெண்டு பைன்டுக்கு அப்புறம் அது ஆத்துக்குப் போயிரும்.

வாப்பிங்ல கேப்டன் கிட்னு ஒரு பப் இருக்கு. கட்டடம் பழசு, பப் 1980-கள்ல வந்தது. பேருதான் விசேஷம். வில்லியம் கிட் கடற்கொள்ளைக்காரன்னு தீர்ப்பாகி, 1701-ல அந்தக் கரையிலதான் தூக்குல போட்டாக. முதல் தடவை கயிறு அறுந்துபோச்சு. இறக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பலை, வேற கயிறு போட்டாக. அவன் செஞ்ச காரியத்துல ஒண்ணு, நியூயார்க் பக்கம் கார்டினர்ஸ் தீவுல புதையலைப் பொதைச்சு வச்சது. அதிகாரிக தோண்டி எடுத்து அவனுக்கே எதிர்ச் சாட்சியா வச்சிட்டாக. பெட்டி ஒளிச்சவன் பேருல இருக்க கடையில உக்காந்து அடுத்த பெட்டி எங்கன்னு நீ போனை எடுக்க நினைப்பே. எடுக்க முடியாது. அந்தக் கடையை வச்சிருக்க சாமுவேல் ஸ்மித் கம்பெனி 2019-லயே தன் பப்புல எல்லாம் செல்போனைத் தடுத்துருச்சு. எனக்கு அந்தக் கம்பெனியை ரொம்பப் பிடிக்கும்.

கொஞ்சம் கிழக்கால பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பின்னு இன்னொரு பப். 1520 வாக்குல வந்ததுன்னு அவுகளே சொல்லிக்கிடுதாக. பின்பக்கம் ஆத்துல ஒரு தூக்குக் கயிறு தொங்கும், பாத்துப் பயந்துறாத, வியாபாரத்துக்குக் கட்டினது. பக்கத்துல சந்து வழியாப் படிக்கட்டு ஆத்துக்கே இறங்கும். பாசி. வேலியேத்தத்துல தண்ணி ஒரு மாடி உயரத்துக்கு மேலயே ஏறி வரும். ஜிபிஎஸ் முள்ளு அந்தப் பக்கம் காட்டுதுன்னு இறங்கிச் சேத்தைக் கிண்டினா, அதுக்குத் துறைமுக ஆணையத்துகிட்ட தனி அனுமதி வாங்கியிருக்கணும்.

பட்னிக்கு நீ போய்ச் சேரமாட்டேல. நடையைத் தேடுறது தின்னும், தேடுறதைக் குடி தின்னும். வாப்பிங் வரும்போதே மணி மூணாயிரும், பாதி வழிதான் ஆயிருக்கும். அதுக்குத் தோதா நான் ஒரு காரியம் செஞ்சிருக்கேன். எனக்குத்தான் ஃப்ரீடம் பாஸ் இருக்கே, ஈஸ்ட் ஹாம்ல ஏறி வைட்சாப்பல்ல மாறினா வாப்பிங் வந்துரும், காசு கிடையாது, காலும் வலிக்காது. பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பில ஆத்தைப் பாத்த சன்னல் ஓரமா இருப்பேன். எனக்கு அரை பைன்ட் போதும், அது உன் ரவுண்டுல சேரட்டும். ஆச்சிகிட்ட முருகன் கோயிலுக்குப் போறேன்னு சொல்லியாச்சு. நீ காலையில கிளம்பும்போது சாமி அலமாரியில இருந்து கொஞ்சம் திருநீறை மடிச்சு ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்திரு.