மைதீன் என்னும் பெயரின் மாத்திரைக் கணக்கு

குமரி மாவட்டத்தில் ஆண்மக்களுக்கு வழங்கும் அரபுப் பெயர்களுள், இலக்கண ஆசிரியர்களின் வாசலில் நெடுங்காலம் காத்திருந்தும் உள்ளே அழைக்கப்படாதது மைதீன் என்பதாகும். இதன் மூல வடிவம் முஹ்யித்தீன். ‘முஹ்யீ’ என்பது உயிரூட்டுபவரையும் ‘தீன்’ என்பது மார்க்கத்தையும் குறிக்க, இடையில் வரும் ‘அல்’ என்னும் சுட்டுச்சொல்லின் லகரம் அடுத்துள்ள எழுத்தோடு ஒன்றித் தகரமாகிவிடுகிறது. ‘கல்’லும் ‘தீது’ம் கூடிக் ‘கற்றீது’ ஆகும் மொழியினருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

பாக்தாதில் 1166-இல் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானிக்கு வழங்கிய பட்டமே இது. எனவே பிள்ளைக்குக் காதர் மைதீன் என்று பெயரிடுவோர், ஒரே பெரியாரின் பெயரையும் பட்டத்தையும் சேர்த்தே சூட்டுகின்றனர். இது ‘கூறியது கூறல்’ என்னும் குற்றமாகாது, நேர்ச்சையை உறுதிப்படுத்தல் என்றே கொள்ளப்படும். மை, தீனி என்று பிரித்து, கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஒருங்கே வாழ்த்துரைக்கும் பெயர் எனல் பொருந்தாது.

நன்னூல் கூறும் விகாரம் மூன்றனுள், ஹகரம் ககரமாகி ‘முகைதீன்’ என நின்றது திரிதல். அக்ககரமும் ஒழிந்து ‘மைதீன்’ என நின்றது கெடுதல். குமரி மாவட்டத்துச் சிதறாலுக்கு மேற்கே, கேரள எல்லை கடந்தால், அவரே ‘மொய்தீன்’ ஆவார். 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் ஒரே மாநிலமாக இருந்தமையால், பாட்டனார் மொய்தீனாகவும் பேரன் மைதீனாகவும் ஒரே வீட்டில் இருக்க நேரின் அதனைப் பிழையென்று திருத்தலாகாது. சிதறாலாரும் இதைக் கண்டு நகைத்தல் இயலாது. சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்க, பிற்காலத்தில் பகவதியும் குடியேறிய அவர்தம் மலை, வானில் உலவும் ஆற்றல் பெற்ற சாரணர் என்னும் சமண முனிவரால் திருச்சாரணத்து மலை எனக் கல்வெட்டிலும், எவ்வாறோ சொக்கன்தூங்கி மலை என மக்கள் வாயிலும் நிற்கிறது.

இனி மாத்திரை, அதாவது கண்ணிமைக்கும் நேரம். முஹ்யித்தீன் ஐந்தரை மாத்திரை. மைதீன், மொழிமுதல் ஐகாரம் ஒன்றரையாகக் குறுகுவதால், நான்கு. ஆகப் பெயருக்கு நேர்ந்த இழப்பு ஒன்றரை மாத்திரை. ஆனால் தொலைவிலிருந்து விளிக்கும்போது எல்லாப் பெயரும் தம் அளவைக் கடந்து நீளும் என்று தொல்காப்பியர் விளிமரபில் முன்பே இடம் விட்டுச் சென்றிருக்கிறார். ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் கோலி விளையாடும் மகனை உம்மா வீட்டு நடையில் நின்று “மைதீனேஎஎய்” என்று கூப்பிடும்போது அது எட்டு மாத்திரையாகிறது. பாக்தாதுக்கு உரியதைத் திருப்பித் தந்ததுபோக இரண்டரை மாத்திரை மிச்சம். மூன்றாம் விளிக்கு அவன் வந்து சேர, “கை கழுவிட்டு வா மக்களே” என்கிறாள் உம்மா. அண்மை விளியில் பெயர் முழுவதும் கெட்டது.