நான் ஸ்பீக்கரை நம்பிய கதை

சாத்தாங்காட்டில் குடியிருப்பவனுக்குக் கம்பியில்லாத சாதனங்கள் மேல் ஆசை வரக் கூடாது. எங்கள் பகுதியின் பிழைப்பே கம்பிதான். ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெரிந்துகொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை இங்கே கொண்டுவர சி.எம்.டி.ஏ. அங்காடி அமைத்ததிலிருந்து, முறுக்குக் கம்பியும் தகடும் ஏற்றிய டிரெய்லர் லாரிகளைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. என் வீட்டின் கூரை தகடு. கட்டில் இரும்பு, பீரோ இரும்பு, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நிற்கும் அலமாரியும் இரும்பு. இந்தக் கூண்டுக்குள் ரேடியோ அலையை உலவவிட்டு இசை கேட்கலாம் என்று ஒருவன் நினைத்தால், அவன் எடைமேடையில் வேலை பார்ப்பவனாகத்தான் இருப்பான். ஆம், நான்தான்.

ஆசை வந்த இடம் ரேஷன் கடை. மின்னணுத் தராசையும் பில் போடும் பி.ஓ.எஸ். கருவியையும் இப்போது புளூடூத்தில் கோத்திருக்கிறார்கள் அல்லவா? தராசில் அரிசி உட்கார்ந்ததும் எடை தானாகக் கருவிக்குப் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் வேலை பார்க்கும் இடத்திலோ, லாரியின் எடை இன்றைக்கும் சீரியல் கேபிள் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்கு வருகிறது. அரிசிக்குக் கிடைக்கும் மரியாதை இளையராஜாவுக்குக் கிடைக்க வேண்டாமா? பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போதே திட்டம் தயாராகிவிட்டது. ஹாலில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதில் என் ஹார்டு டிஸ்க்கில் தூங்கும் பழைய பாட்டெல்லாம். சமையலறையில் மைத்துனர் வாங்கிக் கொடுத்த புளூடூத் ஸ்பீக்கர். நடுவில் எதுவும் இல்லை, காற்று மட்டும்.

"ஃபோன்லயே பாடுதே, அதுக்கு எதுக்குங்க இன்னொரு டப்பா?" என்றாள் மனைவி. தொலைநோக்கு இல்லாத கேள்வி என்று அதை ஒதுக்கினேன்.

தேரடியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். ராஸ்பெர்ரி பை 3 வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவுப் பச்சை அட்டை. இந்த வரிசையில் வைஃபையும் புளூடூத்தும் உடம்போடு ஒட்டிப் பிறந்த முதல் போர்டு அது; 2016 பிப்ரவரி 29-ல் 35 டாலர் விலையில் வெளிவந்தது. நான் கொடுத்த விலையைப் பற்றி வீட்டில் நிலவும் கருத்தும் உண்மையும் வேறு வேறு. அவை சந்திக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

தனியாகத் திரை வாங்கினால் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். அதனால் எடைமேடைக் கேபிளின் சின்னத் தம்பியான 3.3 வோல்ட் யூ.எஸ்.பி. சீரியல் கேபிள் ஒன்றைப் போர்டின் ஊசிகளில் செருகி, லேப்டாப்பில் எட்டிப் பார்த்தேன். தினமும் டன் கணக்கில் சீரியல் பார்ப்பவன் என்ற திமிர் இருந்தது. லேப்டாப்பில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

காரணம் தெரிந்தபோது எனக்குச் சொந்த வீட்டு ஞாபகம்தான் வந்தது. பை 3-ல் இரண்டு சீரியல் பாதைகள் உண்டு. ஒன்று பி.எல்.011 என்கிற கம்பீரமான யூ.ஏ.ஆர்.டி. இன்னொன்று மினி யூ.ஏ.ஆர்.டி.; அதன் வேகம் சிப்பின் மையக் கடிகாரத்தைப் பிடித்துத் தொங்குவது, கடிகாரம் ஏறி இறங்கினால் எழுத்து குழம்பிவிடும். முந்தைய போர்டுகளில் நல்ல பாதை ஊசிகளுக்கு வந்தது. பை 3-ல் புளூடூத் சிப் வந்ததும் அதை அப்படியே அதற்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். விருந்தாளிக்கு அட்டாச்டு பாத்ரூமை ஒதுக்கிவிட்டு வீட்டுக்காரனைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்புகிற அதே ஏற்பாடு! கொல்லைப்புறத்தையும் பூட்டியே வைத்திருக்கிறார்கள்: கட்டமைப்புக் கோப்பில் 'எனேபிள் யூஆர்ட் = 1' என்று ஒரு வரி சேர்த்தால்தான் மையக் கடிகாரம் ஓரிடத்தில் நின்று கதவு திறக்கும். நல்ல பாதையே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஒரு வரி இருக்கிறது, 'டிஸேபிள் பிடி'. அதைச் சேர்த்தால் புளூடூத்தே அணைந்துவிடும். எதற்காகப் போர்டு வாங்கினேனோ அதை அணைப்பதே சிறந்த வழி என்று போர்டே சொல்கிறது. மனைவி ஏற்கெனவே சொன்னதுதான்.

கதவு திறந்து உள்ளே போனேன். லினக்ஸில் புளூடூத் நிர்வாகம் புளூஸீ கையில். 2001-லிருந்து கர்னலுக்குள் குடியிருக்கும் பழைய ஆள். அவரிடம் விண்ணப்பிக்கும் கவுண்டருக்கு 'புளூடூத்சிடிஎல்' என்று பெயர். பவர் ஆன் என்றேன். மறுத்தார். ஆர்எஃப்கில் என்று இன்னொரு அதிகாரி ரேடியோவுக்கு மென்தடை போட்டிருக்கிறாராம். அவரிடம் தனியாகப் போய் விலக்கு வாங்கி வந்தேன். பிறகு ஏஜெண்ட் ஆன். பிறகு ஸ்கேன். உடனே தெருவிலுள்ள டிவி, கைக்கடிகாரம், காதுமாட்டி எல்லாம் இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி கொண்ட முகவரிகளோடு வரிசையில் வந்து நின்றன. அவற்றில் எது என் ஸ்பீக்கர் என்று கண்டுபிடிக்க, சமையலறைக்கும் ஹாலுக்குமாக ஓடி அதை அணைத்து அணைத்துப் போட்டேன். ரசம் வைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

பொறியியல் படிக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் ஒரே வாக்கியத்தில் முடித்தான்: "ஃபோன்ல கம்பெனிக்காரன் இதெல்லாம் முன்னாடியே பண்ணிட்டுத்தான் குடுப்பான் மாமா. இங்க நீதான் கம்பெனி."

எனக்கு இதுவரை கிடைத்த பதவிகளில் அதுதான் பெரியது. சம்பளம் மட்டும் நான் கொடுக்க வேண்டும்.

'பேர்' என்று சேர்த்துவைத்தால் மட்டும் போதாது, 'ட்ரஸ்ட்' என்று தனியாக ஒரு கட்டளை தர வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் தானாக வந்து ஒட்டுவதை போர்டு தட்டிக்கழிக்கும் என்றும் அவன்தான் சொன்னான். தட்டினேன். என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். ஸ்பீக்கரை நம்புகிறேன் என்றேன். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கேஸ் புக் பண்ண என் ஃபோனைக் கேட்டப்போகூட ஆயிரம் கேள்வி கேட்டீங்க," என்றாள். புளூஸீ கேட்காத கேள்வி அது.

நம்பிக்கைக்குப் பிறகு 'கனெக்ட்'. அதற்குப் பதில், நெறிமுறை கிடைக்கவில்லை என்ற ஒரு பிழைச்செய்தி. புளூஸீ கைகுலுக்குவதோடு சரி, பாட்டை எடுத்துக்கொண்டு போக மாட்டார். அதற்கு பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ ஏதோ ஒரு ஒலித்துறை தன் புளூடூத் பிரிவோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திரையில்லாத சிக்கன லினக்ஸில் அதை நாமே நிறுவ வேண்டும். நிறுவினேன். வேறு வழி?

பாடியது. பொய் சொல்லக் கூடாது, பாடியது. ஆனால் பல்லவியின் நடுவில் விக்கியது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை இடம் மாறி மாறி ஓடக்கூடியது, ஒரு தடத்தில் இரைச்சலென்றால் அடுத்ததுக்குத் தாவிவிடும். எத்தனை தாவினாலும் எதிரே நிற்பது இரும்பு அலமாரி. போதாததற்கு பை 3-ல் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. மகள் வீடியோ பார்க்கும்போதெல்லாம் ஜானகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அலமாரியை நகர்த்தலாம் என்று ஆரம்பித்தேன். "அதை நகர்த்தினா நான் நகர்ந்திடுவேன்," என்ற குரல் வந்ததால் போர்டை நகர்த்தினேன்.

அத்தோடும் முடியவில்லை. எங்கள் ஸ்பீக்கர் ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும் பேசும் ரகம். காலையில் சமையலறைக்குள் நுழையும் மனைவியின் கைபேசி என் போர்டுக்கு முன்பே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு தொடுகைகூட இல்லை. வடிவுடையம்மன் பாட்டு வீடு முழுக்கக் கேட்கிறது. ஹாலில் பச்சை அட்டை, நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டின்படி இணைப்புக்காக விடாமல் முயன்றுகொண்டிருக்கிறது.

இப்போது அந்தப் போர்டை என் பழைய ஸ்பீக்கரோடு 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஒயரால் கோத்துவிட்டேன். விக்கல் இல்லை, நம்பிக்கைக் கட்டளை இல்லை, அலமாரியும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒயரின் விலையை வீட்டில் முழுதாகவே சொல்லிவிட்டேன். இதைப் படித்துவிட்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: வாங்குமுன் போர்டில் அந்த ஆடியோ துளை இருக்கிறதா என்று பாருங்கள். 2023-ல் வந்த பை 5-ல் அதை எடுத்துவிட்டார்கள்.