குலப்பெயர்க் காவலர்

லண்டன் மாநகரில் படித்தவர்கள் நாலு பேர் கூடி விருந்துண்ணும் வீடுகளில், சம்பாஷணை சீன தேசத்தின் பக்கம் திரும்பும் வரையில் தம்முடைய தட்டிலேயே கண்ணாக இருந்துவிட்டு, திரும்பிய மாத்திரத்தில் கத்தியையும் முள்கரண்டியையும் ஓசைப்படாமல் கீழே வைத்து நிமிர்ந்து உட்காரும் ஒரு கனவானை நீங்கள் சந்திக்கலாம். அவர் தூதரக உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்கக்கூடும். பத்திரிகைக் காரியாலயத்தில் பிறர் எழுதியதைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்தவராக இருக்கக்கூடும். வாலிபத்தில் ஒரு கோடைகாலம் பெய்ஜிங்கில் மொழி பயின்று திரும்பினார் என்பதைத் தவிர வேறு யோக்கியதாம்சம் ஏதும் இல்லாதவராகவும் இருக்கக்கூடும். தைவான் ஜலசந்தியில் யுத்தம் மூளுமா, சீனத்து மின்சாரக் கார்களுக்கு வரி விதிக்கலாமா என்பன போன்ற அற்ப விஷயங்களில் அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. அவர் காத்திருப்பது ஒரே ஒரு பிழைக்காக. எதிரே இருக்கும் அப்பாவி எவராவது, "அதிபர் ஜின்பிங் மனத்தில் என்னதான் இருக்கிறதோ!" என்று சொல்லிவிட்டால் போதும்.

"ஜின்பிங் அல்ல, ஷீ. அதிபர் ஷீ" என்று, கெட்ட செய்தியை நோயாளியிடம் பக்குவமாகச் சொல்லும் வைத்தியரைப் போல ஆரம்பிப்பார்.

அவர் சொல்வது அத்தனையும் சத்தியம் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். சீனர் பெயரில் குலப்பெயர் முன்னே நிற்கும். பெற்றோர் இட்ட பெயர் பின்னே வரும். பின்னதை உறவினரும் நெருங்கிய தோழரும் அன்றிப் பிறர் தனியே எடுத்து வழங்குவது மரபன்று. ஆகவே ஆங்கிலத்தில் ஷீ ஜின்பிங் என்று முழுப்பெயரை ஒரு தடவை சொல்லியான பிறகு, மறுதடவை மிஸ்டர் ஷீ என்றுதான் குறிப்பிட வேண்டும். நியூயார்க் டைம்ஸ் முதலிய ஏடுகள் அவ்வாறே செய்கின்றன. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இராது. நமது கனவானோ, சூப் ஆறிப்போவதைக்கூடப் பொருட்படுத்தாமல், நம்மை ஹூனான் மாகாணத்து ஷாவோஷான் கிராமத்துக்கே அழைத்துச் சென்றுவிடுவார். மாவோ ஸேதுங், அவருடைய தம்பிமார் மாவோ ஸேமின், மாவோ ஸேதான் ஆகிய மூவருக்கும் மாவோ என்பது குலத்தின் சொத்து; ஸே என்பது அந்தத் தலைமுறைக்குப் பொது; ஆக, மூத்தவருக்கென்று தனியாக மிஞ்சியது துங் என்னும் ஓரசை மாத்திரமே என்று அவர் பாகப்பிரிவினை செய்து முடிக்கையில், பொதுவுடைமைத் தலைவருக்குத் தனியுடைமையாக இதுவாவது மிஞ்சியதே என்று பக்கத்து மாது பெருமூச்சு விடுவாள். நல்லவேளையாக நமது கனவானுக்குத் தமிழ் தெரியாது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு விருந்தினராக வந்த அதிபர் ஷீயை, ஏதோ நம் வீட்டு மாப்பிள்ளை போல, நம்முடைய நாளேடுகள் வெறும் ஜின்பிங் என்றே தலைப்புக்குத் தலைப்பு வரவேற்றதை அவர் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ!

பெயரின் முறை முடிந்ததும் உச்சரிப்பு தொடங்கும். 2014-இல் தூர்தர்ஷனில் செய்தி வாசித்த ஒரு பெண்மணி, ஷீ என்பதைக் குறிக்கும் எக்ஸ், ஐ என்ற இரண்டு எழுத்துகளையும் ரோமானிய எண்ணாகக் கொண்டு, 'லெவன் ஜின்பிங்' என்று படித்து வேலையை இழந்த வரலாற்றை அவர் சொல்லும்போது, அவர் முகத்தில் அனுதாபமும் ஆனந்தமும் சரிபாதியாகக் கலந்திருக்கும். அதன்பின் நாக்கு நுனியைக் கீழ்ப்பல் வரிசைக்குப் பின்னால் நிறுத்தி, உதடுகளை இரு பக்கமும் விரித்து, எல்லோரும் ஒரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பார். மாமிசத் தட்டோடு உள்ளே வரும் பணிப்பெண், கண்ணியமான பெரிய மனிதர்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து சீறிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிடுவாள்.

1958-இல் சீன அரசு அங்கீகரித்து, 1979 முதல் அயல்மொழிச் செய்திகளிலும் அமலுக்குக் கொண்டுவந்த பின்யின் என்னும் எழுத்துமுறை அவருக்கு வேதம். அதற்கு முந்திய வேட்-ஜைல்ஸ் முறைப்படி யாராவது பெயரின் நடுவே கோடு கிழித்துவிட்டால் அது அபசாரம். ஆனால் பீக்கிங் வாத்து மேஜைக்கு வந்தால், அதைப் பெய்ஜிங் வாத்து என்று அவர் திருத்தியதாகச் சரித்திரம் இல்லை. வேதத்துக்கும் வயிற்றுக்கும் இடையே அவர் செய்துகொண்டிருக்கும் இந்தச் சமரசத்தைப் போலவே, சியாங் கை-ஷேக் விஷயத்திலும் ஒரு சமரசம் உண்டு. அந்தப் பெயரில் முன்பாதி மண்டாரின், பின்பாதி காண்டனீஸ். பின்யின்படி ஜியாங் ஜியேஷி என்று சொன்னாலோ, கேட்கும் ஆங்கிலேயர் புதிதாக யாரோ பதவிக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்.

அவருடைய சாஸ்திரம் அடியோடு மௌனமாவது ஹாங்காங் வாசலில்தான். 2017 முதல் 2022 வரை அந்நகரை நிர்வகித்த கேரி லாம் செங் யூட்-ங்கோர் அம்மையாரின் பெயரில் கேரி ஆங்கிலப் பெயர். லாம் கணவரின் குலம். செங் தந்தையின் குலம். அதற்கும் பிறகுதான் பெற்றோர் இட்ட பெயர். குலப்பெயர் முதலில் வரும் என்ற பிரமாணத்தை எந்தப் படியில் நிறுத்துவது? அந்தப் பேச்சு எழுந்தால் நமது கனவானுக்கு உருளைக்கிழங்கின் பேரில் திடீரென்று அளவு கடந்த சிரத்தை பிறந்துவிடும்.

ஒரு நாள் அந்த மேஜைக்கு உண்மையாகவே ஒரு சீனர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் நெடுங்காலமாகப் பௌதிகம் போதித்துவரும் பேராசிரியர். வெள்ளைக்காரர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று, விசிட்டிங் கார்டில் அவர்கள் வழக்கப்படியே தம் குலப்பெயரைக் கடைசியில் அச்சிட்டு வைத்திருந்தார். நமது கனவான் அந்தக் கார்டைச் சீன சம்பிரதாயப்படி இரு கைகளாலும் ஏந்தி வாங்கி, முதலில் இருந்ததைக் குலப்பெயர் என்று நிச்சயித்துக்கொண்டு, பெற்ற தாய் கூப்பிடும் பெயரோடு பேராசிரியர் என்ற பட்டத்தையும் சேர்த்து, இரவு முழுவதும் அளவற்ற மரியாதையோடு அவரை அழைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சமயம் பார்த்து நமது கனவான், சீனர்களின் இடுபெயரை அந்நியர் எடுத்து ஆள்வது எத்தகைய அநாகரிகம் என்பதைப் பக்கத்து மாதுக்கு விளக்கிக்கொண்டிருந்து, சாட்சிக்கு அவர் பக்கம் திரும்பவே, "முற்றிலும் உண்மை" என்று அவரும் தலையை ஆட்டி ஆமோதித்துவிட்டார்.