அது கணக்கில்லீங் மாப்ளே, தரகு!

ஏனுங் மாப்ளே, டெக்சாஸ் வந்து எறங்குன நாள்ல இருந்து ஒரு சங்கதி கேக்கோணும்னு இருக்கறேன். ராத்திரி ஒம்பது மணிக்கு இந்த ஊட்டுல அழுகறது ஆருங்க? பேரனுங்களா, நீங்களா? மூணாங்கிளாஸ் பையனுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த கம்ப்யூட்டர் கணக்கு. அதுக்கு, கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிச் சம்பளம் வாங்கற நீங்க சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு உக்காந்துக்கறீங்க. பொட்டி "தப்பு"ங்குது. அப்ப உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கே இன்னொருக்கா விமானம் ஏறி வரலாமுங்க.

"பதில் சரிதானுங் மாமா, அது கேட்ட தினுசுல எழுதலை, அதான்"னு நேத்து சமாதானம் சொன்னீங்க. சரியான பதிலத் தப்புங்கற வாத்தியாரு எங்கூர்ல இருந்திருந்தா மரத்தடியில கூப்புட்டு வெச்சு நாயம் கேட்டிருப்போம். இங்க காசு குடுத்தல்ல வாங்கி வெச்சிருக்காங்க!

நான் படிக்காதவன், கண்ணபுரம் சந்தையில மாடு தரகு பண்ணுன ஆளு. ஆனாலும் என்ற மக அம்மிணி இங்கிலீசுல படிச்சுத் தமிழ்ல சொல்லச் சொல்ல, இந்த வித்தையெல்லாம் கொஞ்சம் புடிபட்டுப் போச்சுங்க. அதனால நாலு வார்த்தை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல, பையன் அழுதா மவுசப் புடுங்கி நீங்களே போட்டுருங்க. நெம்ப நல்ல ரோசனை! ஆளு சரியாச் சொல்லச் சொல்லக் கேள்விய ஏத்திக்கிட்டே போற மாதிரித்தான் பாதிப் பொட்டிகளச் செஞ்சு வெச்சிருக்கறான். நீங்க நாலு கணக்கப் போட்டா, பையன் பெரிய மேதைன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த நாளு அஞ்சாங்கிளாஸ் கணக்க எடுத்து நீட்டும். பையன் அழுவான், மறுக்கா நீங்க போடுவீங்க. உங்க புண்ணியத்துல தீவாளிக்குள்ள அவன் காலேஜ் கணக்குக்கே போயிருவானுங்க. கூடவே போயி வேலைக்கும் நீங்களே சேந்துக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்துல குடுக்கற பொட்டிக் கணக்குல ஐ-ரெடின்னு ஒண்ணு. அதுல வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ ஒரு பரீட்சை. பையனோட அளவு தெரியோணும்னா கிட்டத்தட்டப் பாதிக் கேள்வி தப்பாப் போகோணும், அப்படித்தான் அதச் செஞ்சு வெச்சிருக்கறாங்களாம். செஞ்சவனுக்குத் தெரியும், வாத்தியாரம்மாவுக்குத் தெரியும். பரீட்சை எழுதற பொடியனுக்குத்தான் பல நேரம் ஆரும் சொல்றதில்லை! எட்டு வயசுப் பையன் வரிசையாத் தப்புப் பண்ணுனா என்னங்க நெனப்பான்? "எனக்குக் கணக்கு வராது"ன்னு நெனப்பான். "பாதி போகும் சாமி, அது உன்ற குத்தமில்லை"ன்னு பரீட்சைக்கு மொத நாளு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒரு சல்லிக்காசு செலவில்லீங்க.

ஐஎக்ஸ்எல்லுங்கறது வேற ரகம். சைபர்ல ஆரம்பிச்சு நூறு வரைக்கும் ஏறோணும். தொண்ணூறத் தாண்டிட்டா, ஒரு தப்புக்கே வெடுக்குன்னு பல படி எறக்கி உட்டுரும். அம்மிணி நூறு வராமச் சோறில்லைங்கறா. அந்தக் கம்பெனியே எண்பது வந்தா நல்லாத் தெரியும்னு அர்த்தம்னு சொல்லுது. கம்பெனிக்காரன் எண்பதுக்கு உடறான், பெத்தவ நூறு வராம உட மாட்டீங்கறா. ஆரு நல்லவன்னு நான் சொல்லலைங்க.

கனடாக்காரனோட ப்ராடிஜி விளையாட்டு இன்னும் சோக்கு. பேய் பிசாசோட சண்ட போட்டுக்கிட்டே கணக்குப் போடோணும். காசு கட்டுன புள்ளைக மேகத்து மேல போச்சாம், கட்டாத புள்ளைக மண்ணுல நடந்துச்சாம். இது நாயமான்னு குழந்தைகளுக்காகப் பேசற ஒரு சங்கம் 2021 பிப்ரவரியில அமெரிக்காவோட வணிக ஆணையத்துக்குப் புகார் எழுதிப் போட்டுதுங்க. வகுத்தல் வருதோ இல்லையோ, பணக்காரன் ஏழைங்கற பாடம் மட்டும் ஒரே நாள்ல மனசுல பதிஞ்சிருமல்லங்க?

இதெல்லாம் இன்னைக்கு நேத்து வந்ததில்லை. 1953ல ஹார்வர்டு வாத்தியாரு ஸ்கின்னருங்கறவரு தன்ற மக படிக்கற நாலாங்கிளாஸ் கணக்கு வகுப்பப் போயிப் பாத்தாரு. சரியா தப்பான்னு தெரியாம புள்ளைக காத்துக் கெடக்கறதப் பாத்து மனசு கேக்காம, ஒடனே பதில் சொல்ற ஒரு மெஷினச் செஞ்சாரு. அதுக்கு முன்னால பொறாவப் பழக்கிப் பேரெடுத்த மனுசனுங்க அவரு. இப்ப எஸ்டி மேத்ங்கறதுல, கணக்கு சரியானா ஜிஜின்னு ஒரு பென்குயின் நடந்து போகுது. பொறாவுல தொடங்குன படிப்பு பென்குயின் வரைக்கும் வந்திருக்குது. வளர்ச்சிதானுங்க.

இப்ப என்ற தொழிலுக்கு வாரேன். சந்தையில துண்டுக்கு அடியில வெரலப் புடிச்சு வெலை பேசுவோம். ஒரு வெரலப் புடிப்பேன், எதிராளி மூஞ்சி சுருங்கும். இன்னொண்ணச் சேத்துப் புடிப்பேன், கண்ணு வெரியும். முடிஞ்சுது யாவாரம். அந்த மாட்டோட பல்லையுஞ் சுழியையும் நான் பாத்தனா இல்லையாங்கறது ஆருக்கும் தெரியாது. உங்க பையன் பொட்டிகிட்டப் பண்றது அதேதானுங்க. "ஏழா?" தப்பு. "எட்டா?" தப்பு. "ஒம்பதா?" பச்சை. கைதட்டல். அது கணக்கில்லீங் மாப்ளே, தரகு! அதுவும் மூஞ்சியே இல்லாத ஆளுகிட்ட.

வெளையாட்டுக்குச் சொல்லலைங்க. எர்ல்வாங்கருன்னு ஒருத்தரு 1973ல எழுதி வெச்சிருக்கறாரு. அமெரிக்காவுல பென்னின்னு ஆறாங்கிளாஸ் பையன். அந்த வகுப்புல கம்ப்யூட்டரு இல்லை. அவனவன் வேகத்துக்குக் காயிதத்துல கணக்கு, விடைத்தாளோட ஒத்துப்போனா மேல போலாம். அவன் கெட்டிக்காரன்னு பேரு வாங்குனவன். ஒருநாள் பக்கத்துல உக்கார வெச்சு, பத்துல அஞ்சு பாகத்தப் புள்ளி வெச்சு எழுதுன்னா, அஞ்சையும் பத்தையும் கூட்டி நடுவுல புள்ளி வெச்சு 1.5ங்கறான். அரை ஒண்ணரை ஆயிப்போச்சு! அந்தக் கணக்குல நான் தரகு வாங்கியிருந்தா இன்னைக்கு நாலு ரைஸ்மில்லு வெச்சிருப்பனுங்க. வருசக்கணக்கா அவன் மேல மேல போயிக்கிட்டே இருந்திருக்கறான். எப்படி வந்துச்சுன்னு கேக்க ஆளில்லை.

அதனால பொட்டியத் தூக்கிப் பொடக்காளியில எறியச் சொல்லலைங்க. பெருக்கல் வாய்ப்பாடு மறக்காம இருக்க அது நல்லாவே ஒதவும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாளைக்குப் பொழுதோட பத்துக் கணக்குக்குப் பதிலா ரெண்டு போதும். பச்சை வந்தாலுஞ் செரி, செவப்பு வந்தாலுஞ் செரி, "எப்படி சாமி வந்துச்சு?"ன்னு கேளுங்க. காயிதத்துல எழுதிக் காட்டச் சொல்லுங்க. தப்பு எந்த எடத்துல பொறந்துதுன்னு அங்கயே தெரிஞ்சிரும்.

பொறவு வாத்தியாரம்மாவுக்கு ஒரு கடுதாசி. மதிப்பெண்ணக் கேக்காதீங்க, எந்தக் கணக்குல எங்க தப்புனான்னு கேளுங்க. பொட்டி முன்னால இத்தன நிமிசம் உக்காரோணும்ங்கற கணக்கு மார்க்குல சேருமான்னு கேளுங்க. ஊட்டுலயும் தெனம் ஒரு மணி நேரம்னு சொன்னாங்கன்னா, ஐ-ரெடிக்காரனே பாடத்துக்கு வாரம் 30ல இருந்து 49 நிமிசந்தான் சொல்றான்னு பணிவா எடுத்துக் காட்டுங்க. சாமியே ஒரு தேங்கா போதும்ங்கறப்பப் பூசாரி ஒம்பது கேட்டா, கேள்வி கேக்கலாமுங்க.

கடைசியா ஒண்ணு, பெரிய மனுசன்னு பொறுத்துக்கங்க. பையன் தப்பாச் சொன்னா அந்த மெஷின் கொரல ஒசத்தறதில்லை. அத்தை பையன் முந்தா நாளு மெடல் வாங்குனதச் சொல்லிக் காட்டறதில்லை. மண்டையில கொட்டறதும் இல்லை. இன்னொரு கணக்கக் குடுத்துப் போட்டுச் சும்மா இருக்குது. அந்த ஒரு விசயத்துல மட்டும் மாப்ளே, நீங்க அதுகிட்டத் தெனம் ஒரு மணி நேரம் பாடம் படிக்கலாமுங்க.