துப்பாக்கிக்கும் சர்வீஸ் உண்டு

கேள்வி: பெங்களூரில் ரைஃபிள் பராமரிப்பு, பழுதுபார்ப்பு செய்முறைப் பயிற்சிக்குப் போகிறேன். முடித்ததும் கடை போடலாமா?
– வாசகர், அல்சூர்

பதில்: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். துப்பாக்கி செய்ய, விற்க மட்டுமல்ல, தொழிலாகப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். வெறும் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினால் போலீஸ் ஸ்டேஷனில் டீ கூடக் கிடைக்காது.

பயிற்சியில் முதல் பாடம், உள்ளே தோட்டா இல்லையென்று உறுதி செய்வது. அடுத்தது குழல். முடிந்தவரை துடைப்புக் கம்பியைப் பின்பக்கமாக விடுங்கள். வாய்ப்பக்கம் விட்டு நுனியைத் தேய்த்தால், குறி தப்பும்போதெல்லாம் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வாடிக்கையாளருக்குக் குடகுப் பக்கம் போகலாம். செப்டம்பரில் கைல்போல்த் பண்டிகைக்குத் துப்பாக்கியைத் துடைத்து, செங்காந்தள் சூட்டிப் பூசை செய்கிற ஊர். தலைமுறை தலைமுறையாகத் துடைக்கிறவர்கள் உங்களிடம் கொடுப்பார்களா, அதுதான் சந்தேகம்.